பால் பைத்தான் கூண்டில் சூடும் ஈரமும்: எதை முதலில் சரிசெய்வது

புதிதாகப் பாம்பு வளர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி, உள்ளே ஒட்டிய வட்ட டயல் மீட்டர், பக்கத்தில் ஒரு தண்ணீர் தெளிப்பான். பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரிந்து முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். "ஈரப்பதம் ஏறவே மாட்டேங்குது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தெளிக்கணும்?" என்று கேட்பார்கள்.

நான் திருப்பிக் கேட்பது, சூட்டுப் பக்கத்தில் எத்தனை டிகிரி, குளிர்ப் பக்கத்தில் எத்தனை டிகிரி என்று. பதில் வராது. சூட்டை நிலைநிறுத்தாமல் ஈரத்தைத் தொட்டால் இரண்டுமே கைக்கு அடங்காது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றாமல் போங்கள். பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு வகையை எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மற்ற இனங்களுக்கு எண்கள் மாறும், வரிசை மாறாது.

வாங்கும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. வெளிநாட்டு இனங்களுக்கும் பதிவு விதிகள் உண்டு. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பதே சட்டவிரோதம். நான் இருப்பது கனடாவில், அதனால் குளிர்கால அனுபவம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

## 1. எந்த எண்களைக் குறிவைக்கிறோம்

பால் பைத்தானின் சொந்த மண் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கமெல்லாம் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும். கரையான் எடுத்த புற்றில் பாம்பு குடிபுகுந்த கதை என்று நாம் சொல்வது இந்தப் பாம்புக்கு அப்படியே பொருந்தும். வெளியே நிலம் காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் காற்று கதகதப்பாகவும் ஈரமாகவும் இருக்கும். கூண்டில் நாம் உருவாக்க வேண்டியது அந்த வளையைத்தான்.

சூட்டுப் பக்கத்தில் பாம்பு படுக்கும் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ். அந்தப் பக்கத்துக் காற்று 30ஐ ஒட்டி. குளிர்ப் பக்கம் 24 முதல் 27. இரவில் எந்த மூலையும் 22க்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம்.

இரண்டு பக்கம் எதற்கு? பாம்பு தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இரை செரிக்கச் சூட்டுப் பக்கம் வரும், போதுமென்றால் விலகும். கூண்டு முழுக்க 31 டிகிரி என்று வைத்தால் விலகிப் போக இடமில்லை.

## 2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பாம்பை வாங்கிவிட்டு இவற்றைத் தேடி ஓடாதீர்கள்.

- வயர் நுனியில் ப்ரோப் (அளக்கும் முனை) உள்ள டிஜிட்டல் வெப்ப, ஈரப்பத மீட்டர் இரண்டு. அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைப்பதாக இருக்கட்டும்.
- தரையின் சூட்டைத் தொடாமலே பார்க்க, துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று.
- தெர்மோஸ்டாட், அதாவது சூடு வைத்த அளவைத் தாண்டாமல் சூடேற்றியைக் கட்டுப்படுத்தும் கருவி. ஒவ்வொரு சூடேற்றிக்கும் தனித்தனியாக ஒன்று.
- பாம்பு ஒளிந்துகொள்ள ஒரே அளவில் இரண்டு ஒளிவிடங்கள், கனமான தண்ணீர்க் கிண்ணம், அடியில் பரப்பத் தேங்காய் மட்டைத் துண்டுகளும் நார்த்தூளும்.

வட்ட டயல் மீட்டரை வாங்காதீர்கள். விலை குறைவுதான், ஆனால் ஈரப்பதத்தில் 15, 20 சதவீதம் தவறிக் காட்டியவற்றைப் பார்த்திருக்கிறேன். அது ஒட்டப்பட்டிருக்கும் உயரத்தில் பாம்பு வாழ்வதும் இல்லை.

செலவைக் குறைக்க வேண்டுமானால் அலங்காரத்தில் குறையுங்கள். தெர்மோஸ்டாட்டில் குறைக்காதீர்கள்.

## 3. மீட்டரை உப்பு வைத்துச் சோதியுங்கள்

புது மீட்டர் சரியாகத்தான் காட்டும் என்று நம்பி இறங்கினால், மீதிப் படிகள் எல்லாம் அந்தத் தவறின்மேல்தான் நிற்கும்.

ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில துளி தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் மாதிரிக் குழைந்து நிற்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் வைத்துக் காற்றுப் புகாமல் மூடி, அறை வெப்பத்தில் 12 மணி நேரம் விடுங்கள். உப்பு மீட்டர்மேல் படக் கூடாது.

பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். அது உப்பின் குணம். மீட்டர் 70 காட்டினால் 5 குறைத்துக் காட்டுகிறது என்று பின்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். 10க்கு மேல் தவறினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

## 4. கூண்டையும் மூடியையும் தயார் செய்தல்

வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள கூண்டு நல்லது. அதைவிட நீளம் குறைந்தால் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர்ப் பக்கத்துக்கும் வித்தியாசம் வராமல் போகும்.

முன்புறம் திறக்கும் பி.வி.சி. கூண்டு கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கண்ணாடித் தொட்டிதான் இருக்கிறது என்றால் முதலில் வலை மூடியைக் கவனியுங்கள். சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே ஏறி வலை வழியாகப் போய்விடும். நீங்கள் தெளிக்கும் தண்ணீர் இப்படித்தான் அறைக்குள் போகிறது.

வலையில் முக்கால் பங்கை அலுமினிய டேப்பால் வெளிப்புறமிருந்து மூடுங்கள். உட்புறம் ஒட்டினால் பசையில் பாம்பின் செதில் மாட்டிக்கொள்ளும். விளக்கு இருக்கும் இடத்தைச் சுற்றித் திறந்தே விடுங்கள்.

முழுவதும் மூடுவது எதிர்த்தவறு. தேங்கிய ஈரக் காற்றில் பூஞ்சை வரும், பாம்புக்கு மூச்சுத் தொற்று வரும். கொஞ்சம் காற்று எப்போதும் நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

## 5. சூடேற்றியைத் தேர்ந்தெடுத்தல்

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹீட் மேட் தொட்டியின் அடியில் ஒட்டுவது. தரையைச் சூடாக்கும், காற்றை ஏறக்குறைய தொடவே தொடாது. அறையே எப்போதும் 24, 25 டிகிரியில் இருக்கும் வீட்டுக்கு அது போதும். குளிர்காலத்தில் இரவு அறை 18க்கு இறங்கும் வீட்டில் மேட் மட்டும் வைத்தால், பாம்பின் வயிறு சூடாகவும் அது மூச்சில் இழுக்கும் காற்று குளிராகவும் இருக்கும். மேட்டின் மேல் 10 செ.மீ. உயரத்துக்கு நார் கொட்டுவதும் கூடாது. சூடு மேலே வராமல் அடியில் தேங்கும். பாம்பு குடைந்துகொண்டு கண்ணாடிவரை போய்ப் படுத்தால் சுட்டுவிடும்.

செராமிக் ஹீட்டர் வெளிச்சம் தராது, காற்றைச் சூடாக்கும், இரவிலும் ஓடலாம். பீங்கான் ஹோல்டரில்தான் மாட்ட வேண்டும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். ஹாலஜன் விளக்கு பகலுக்கு மிக நல்லது. அதன் சூடு உடலுக்குள் ஆழமாக இறங்கும். இரவில் அணைத்துவிட வேண்டும். மேலே மாட்டுகிற எதுவாக இருந்தாலும், கூண்டுக்குள் இருந்தால் கம்பி வலைக் காப்பு கட்டாயம். பால் பைத்தான் மரமேறியா என்று கேட்பவர்கள் இரவில் ஒருமுறை விழித்திருந்து பார்க்க வேண்டும். ஏறும், விளக்கைச் சுற்றிக்கொள்ளும்.

சூடேறும் செயற்கைக் கல் வேண்டவே வேண்டாம். ஒரு சின்ன இடம் மட்டும் கொதிக்கும், சுற்றிலும் குளிராக இருக்கும். குளிரில் இருக்கும் பாம்பு அதைச் சுற்றிக்கொண்டு விடாது. அடியிலிருந்து வரும் அதிகச் சூட்டைப் பாம்பு உணர்ந்து உடனே விலகும் என்று நம்ப முடியாது. வயிற்றுச் செதில்கள் வெந்த பிறகும் அங்கேயே படுத்திருக்கும்.

என் வீட்டில் இப்போது பகலுக்கு ஹாலஜன், இரவுக்கு செராமிக் ஹீட்டர், இரண்டுக்கும் தனி தெர்மோஸ்டாட்.

## 6. தெர்மோஸ்டாட்டும் அதன் ப்ரோப்பும்

தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டிப் போகலாம். எனவே சூடேற்றியைச் சுவர் ப்ளக்கில் நேரடியாகச் செருகுவது என்பது ஒரு நாளைக்குக்கூட வேண்டாம்.

வகையைப் பொருத்திப் பாருங்கள். ஹாலஜனுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் தெர்மோஸ்டாட் வேண்டும். மற்ற வகைகள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு பல்பைச் சீக்கிரம் கெடுத்துவிடும். மேட்டுக்கும் செராமிக் ஹீட்டருக்கும், மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும் பல்ஸ் வகை சரியாக இருக்கும்.

மேட் என்றால் ப்ரோப் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, வெளியில். மேலிருந்து வரும் சூடு என்றால் சூட்டுப் பக்கத்தில், பாம்பின் முதுகு இருக்கும் உயரத்தில், கிளிப் போட்டு இறுக்க வேண்டும்.

இந்த இறுக்குவதை நான் ஒருமுறை விட்டுவிட்டேன். பாம்பு இரவில் ப்ரோப்பை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டது. குளிர்ந்த தண்ணீரை அளந்த தெர்மோஸ்டாட், கூண்டு குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டது. காலையில் சூட்டுப் பக்கம் 41. குளிர்ப் பக்கம் இருந்ததால்தான் பாம்பு பிழைத்தது. அன்றிலிருந்து அதிக வெப்பத்துக்கு அலாரம் அடிக்கும் தனி மீட்டர் ஒன்று எப்போதும் உள்ளே இருக்கிறது.

அடுத்து, தெர்மோஸ்டாட்டில் வைக்கும் எண் ப்ரோப் இருக்கும் இடத்தின் சூடு. பாம்பு படுக்கும் இடத்தின் சூடு வேறு. 33 என்று வைத்து, நான்கு மணி நேரம் விட்டு, இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் தரையைப் பாருங்கள். 30 காட்டினால் ஒரு டிகிரி ஏற்றி மறுபடியும் காத்திருங்கள். பளபளக்கும் உலோகத்தின்மேல் துப்பாக்கியைப் பிடித்தால் பொய் எண் வரும், நார்மீதோ கல்மீதோ பிடியுங்கள்.

வயர்களைப் பொறுத்தவரை ஒன்று. ப்ளக்குக்குப் போகும் முன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏற வேண்டும். வயர் வழியாக ஓடும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது.

## 7. இப்போது ஈரம்

சூடு இரண்டு நாள் அசையாமல் நின்றதா? சரி, இப்போது ஈரத்துக்கு வரலாம்.

ஏன் இவ்வளவு காத்திருக்கச் சொன்னேன் என்றால், ஈரப்பதம் என்பது காற்றில் உள்ள தண்ணீரின் அளவு மட்டும் அல்ல. அந்த வெப்பத்தில் காற்று எவ்வளவு தண்ணீரைச் சுமக்க முடியுமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் மீட்டரில் தெரிவது. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் சுமக்கும், 32 டிகிரியில் சுமார் 34 கிராம். ஆக, ஒரே காற்று குளிர்ப் பக்கத்தில் 80 சதவீதமாகவும் சூட்டுப் பக்கத்தில் 55 சதவீதமாகவும் தெரியும். இதைப் பார்த்துச் சூட்டுப் பக்கம் காய்ந்துவிட்டது என்று அங்கே தண்ணீர் கொட்டுகிறவர்கள் உண்டு. குளிர்ப் பக்கம் சதுப்பாகிவிடும்.

ஈரத்தைப் பிடித்துவைப்பது அடியில் பரப்பும் படுகைதான். மட்டைத் துண்டுகளையும் நார்த்தூளையும் கலந்து 8 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். மேட் வைத்திருப்பவர்கள் அதன் மேல் மட்டும் மெல்லிய அடுக்காகப் போட வேண்டும். தேவதாரு மரச் சீவல் வேண்டாம், அதன் எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

தண்ணீரை நான்கு மூலைகளிலும் ஓரமாக, மெதுவாக ஊற்றுங்கள். 120 செ.மீ. கூண்டுக்கு நான் ஒரு லிட்டரில் தொடங்குவேன். தண்ணீர் அடிக்கு இறங்க வேண்டும், மேல் அடுக்கு தொட்டால் உலர்ந்திருக்க வேண்டும். அடி ஈரம் மெல்ல மெல்ல ஆவியாகி நாள் முழுக்கக் காற்றுக்கு ஊட்டும். மேல் ஈரமாக இருந்தால் பாம்பின் வயிறு எந்நேரமும் நனைந்து செதில் அழுகல் வரும். ஒரு நாள் விட்டு மீட்டரைப் பாருங்கள், போதவில்லை என்றால் அரை லிட்டர்.

தெளிப்பான் ஏன் உதவாது? நான் அறிந்த ஒருவர் தினம் நான்கு முறை தெளித்தார். அவர் பார்க்கும்போதெல்லாம் மீட்டர் 80 காட்டியது. குறைந்தபட்ச அளவை நினைவில் வைக்கும் மீட்டரை மாட்டச் சொன்னேன். விடியற்காலையில் 34. தெளித்த தண்ணீர் மேலாக நின்று ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. பாம்பின் வயிறு நனைந்தது, காற்று நனையவில்லை.

தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ப் பக்கத்தில் வையுங்கள். குளிர்காலத்தில் ஈரம் போதாதபோது கிண்ணத்தை நடுப்பக்கம் நகர்த்தினாலே சில சதவீதம் ஏறும்.

## 8. ஒளிவிடம் இரண்டு

சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் அதே மாதிரி இன்னொன்று. பாம்பு சுருண்டால் உடம்பு நான்கு பக்கமும் உரச வேண்டும், அவ்வளவு சிறிய இடம்.

ஒன்று மட்டும் வைத்தால் பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் தராசில் போட வேண்டியிருக்கும். பாதுகாப்பைத்தான் எடுக்கும். குளிரில் ஒளிந்தபடியே இருந்து இரை செரிக்காமல் கக்கும். நாம் வெப்பமானியைத்தான் குறை சொல்லுவோம்.

சட்டை உரிக்கும் நாட்களுக்கு மூன்றாவதாக ஒரு மூடிய டப்பாவில் ஓட்டை போட்டு, பிழிந்த ஸ்பேக்னம் பாசியை நிரப்பி நடுவில் வையுங்கள். பிழியும்போது தண்ணீர் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை பாசியை மாற்ற வேண்டும்.

## 9. பாம்பு இல்லாமல் ஒரு வாரம் ஓட்டுங்கள்

இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் வாடும். ஆனால் கூண்டில் வரும் தவறுகள் பாம்பின் உடம்பில் தெரியாமல் தாளில் தெரிய வேண்டுமானால் இந்த ஒரு வாரம் வேண்டும்.

காலையிலும் படுக்கும் முன்பும் நான்கு எண்களைக் குறியுங்கள்: இரண்டு பக்கத்துச் சூடு, இரண்டு பக்கத்து ஈரம். மீட்டரின் அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளையும் எழுதிவிட்டு அழித்துவிடுங்கள். எதையாவது மாற்றினால் அன்று அது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூடியை மூடி, தண்ணீர் ஊற்றி, சூட்டையும் ஏற்றினால், எது வேலை செய்தது என்று தெரியாது.

தொடர்ந்து மூன்று நாள் எண்கள் எல்லைக்குள் நின்றால் பாம்பைக் கொண்டுவரலாம்.

## 10. பாம்பு வந்த பிறகு அதன் நடத்தையைப் படியுங்கள்

எப்போதும் குளிர்ப் பக்கமே கிடந்தால் சூட்டுப் பக்கம் அதிகம் சுடுகிறதா என்று பாருங்கள். சூட்டுப் பக்கத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்றால் மறுபக்கம் மிகக் குளிர். தண்ணீர்க் கிண்ணத்திலேயே ஊறிக் கிடந்தால் சூடு அதிகம், அல்லது காற்று காய்ந்திருக்கிறது, அல்லது உண்ணி இருக்கிறது. தண்ணீரில் கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றனவா என்று பாருங்கள்.

ஈரம் சரியா என்பதற்குச் சட்டையைவிட நல்ல சாட்சி இல்லை. முதலில் கண் பால் படிந்த மாதிரி நீலமாகும், சில நாளில் தெளியும், அப்புறம் உரிக்கும். மூக்கு முதல் வால் நுனி வரை ஒரே உறையாகக் கழன்றால் உங்கள் எண்கள் சரி. கண் தெளிவதற்குள் கையில் எடுக்காதீர்கள்.

துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். காற்றோட்டத் துளை உள்ள டப்பாவில் வெதுவெதுப்பான ஈரத் துணித் துண்டுகளைப் போட்டு, 28 முதல் 30 டிகிரியில் அரை மணி நேரம் பாம்பை ஊர விடுங்கள். துண்டில் உரசித் தானே கழற்றிவிடும். கண்மேல் மூடி நின்றுவிட்டால் நகம் வைக்கவே கூடாது. அடுத்த உரிப்பில் போகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

மூச்சில் சீழ்க்கைச் சத்தம், வாயில் குமிழி, வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கி வைத்திருப்பது, இவை மூச்சுத் தொற்று. வயிற்றில் பழுப்பு, சிவப்புத் திட்டுகள் செதில் அழுகல். இரண்டுக்கும் கூண்டைச் சரிசெய்தால் மட்டும் போதாது, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் வேண்டும்.

## 11. பருவம் மாறும்போதும் மின்சாரம் போகும்போதும்

வெளியே மைனஸ் 10 டிகிரி என்றால், முழு ஈரத்தோடு இருக்கும் காற்றுகூட ஒரு கன மீட்டரில் இரண்டு கிராம் சொச்சம்தான் தண்ணீர் வைத்திருக்கும். அதை வீட்டுக்குள் இழுத்து 22 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு விழும். அதனால்தான் அக்டோபரில் சரியாக இருந்த கூண்டு ஜனவரியில் காய்கிறது. தண்ணீர் ஊற்றும் இடைவெளியைக் குறையுங்கள், மூடியில் இன்னும் கொஞ்சம் மறையுங்கள். பாம்பு இருக்கும் அறையில் ஓர் ஈரமூட்டி வைத்தால் இன்னும் எளிது.

கோடையில் எதிர்ப்பிரச்சினை. தெர்மோஸ்டாட் சூட்டை அணைக்கும், குளிரூட்டாது. அறையே 33க்குப் போனால் குளிர்ப் பக்கம் என்று ஒன்று இருக்காது. அறையைக் குளிர்விக்க வழியில்லை என்றால் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குளிர்ப் பக்கச் சுவருக்கு வெளியே சாத்தி வையுங்கள்.

குளிர்காலத்தில் மின்சாரம் போனால் கூண்டின் மேலும் பக்கங்களிலும் கம்பளி போர்த்துங்கள், காற்றுத் துளையில் சிறிது விட்டு. மூடியை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள், இருக்கும் சூடு போய்விடும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் தடித்த துண்டில் சுற்றி ஒரு மூலையில் வைத்து, ஆற ஆற மாற்றுங்கள். பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம், கம்பளி தீப்பிடிக்கும். மின்சாரம் வந்து கூண்டு பழைய எண்களுக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகும்வரை இரை கொடுக்காதீர்கள். மின்சாரம் போவதற்கு முன்புதான் இரை எடுத்திருந்தது என்றால் வெந்நீர் பாட்டில்களை அதன் ஒளிவிடத்தை ஒட்டி வையுங்கள், அந்த இரை செரிக்கச் சூடு வேண்டும்.